ஜெஸிமா எண்ணிய ஆறாவது செவுள்

வில்லியனூர் கடைத்தெருவில் ஜெஸிமாவோடு வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. பதினேழு வருஷமாகப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருக்கும் என்னாலேயே முடியவில்லை என்றால் மற்றவர்களை விட்டுவிடுங்கள். என் பெயர் ஏகநாதன். உப்பு, புளி, மிளகாய் மொத்த வியாபாரம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். என் மீசை பெரியது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

ஜெஸிமா விற்பது கருவாடு. வீட்டுக்காரர் கௌஸ் பாஷா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கடலூரிலிருந்தும் பிள்ளைச்சாவடியிலிருந்தும் மூட்டைகளை ஏற்றி வந்து இறக்குவதோடு அவர் வேலை முடிந்தது. பார்த்து வாங்குவது, தரம் பிரிப்பது, விற்பது, சண்டை போடுவது எல்லாம் ஜெஸிமாதான். பாய் சாதுவான மனிதர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இந்த அம்மாவே பேசிவிடும்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பேர் தெரியாத மீன் விற்பனைக்கு இல்லை. மூட்டையில் பத்து மீனோடு பதினோராவதாக ஏதாவது புதுசாக வந்துவிட்டால் அதைத் தனியாக எடுத்து, கடை முன்னால் இருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டிவிடுவாள். யாராவது அடையாளம் சொல்ல வேண்டும், அதை அவள் நாலு பேரிடம் விசாரித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை கொக்கியிலிருந்து இறங்காது. "எவன் கேக்கப் போறான், வித்துத் தொலைம்மா" என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். "உன் உப்புக்கு ஒரே பேருண்ணே, நீ பேசுவ" என்று நூறு தடவையும் பதில் வந்திருக்கிறது.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை அவளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாகூரில் ஒன்பதாவது வரை படித்தவள், இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தாள். பாய் அப்போது பிளாஸ்டிக் குடம் விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். இவள் ஒரே ஒரு கூடைக் கருவாட்டோடு ரயில்வே கேட் பக்கம் உட்கார்ந்தாள். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மொத்த வியாபாரி சொன்ன பேரைச் சொல்லி விற்றாள். ஒரு நாள் ஒரு அம்மா வந்து, பிள்ளை பெற்ற மகளுக்கு என்று பால் சுறா கேட்டார். எங்கள் பக்கத்தில் பிரசவமான பெண்ணுக்குத் தாய்ப்பால் ஊறப் பால் சுறாதான் ஆக்கிப் போடுவார்கள். ஜெஸிமா கொடுத்தாள். மறுநாள் அதே அம்மா திரும்பி வந்து பொட்டலத்தை அவள் முகத்தில் வீசினார். உள்ளே இருந்தது திருக்கை. "பேரு தெரியாத உனக்கு இன்னாத்துக்குடி யாவாரம்?" என்று அத்தனை ஜனத்துக்கு நடுவில் கேட்டுவிட்டுப் போனார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றோடு கூடையைக் கவிழ்த்திருப்பாள். ஜெஸிமா மறுநாள் முதல் பஸ்ஸில் பிள்ளைச்சாவடிக்குப் போனாள். இரண்டு மாசம் தினமும் போனாள். வலையிலிருந்து மீனைப் பிரித்துப் போடுகிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, இது இன்னா, அது இன்னா, இதுக்கு ஏன் வயிறு வெள்ளை, அதுக்குச் செவுள் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுறாவுக்குச் செவுள் பக்கவாட்டில் இருக்கும், திருக்கைக்கு அடிப்பக்கம் இருக்கும், இரண்டுக்கும் எண்ணினால் ஐந்து. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் தனக்குத் தைரியம் வந்தது என்பாள். அதிலிருந்து சுறாக் கருவாட்டைத் தலையோடுதான் விற்கிறாள். மற்றவர்கள் தலையை வெட்டிவிடுவார்கள். "தலைதாண்ணே மீனுக்கு ஆதார் கார்டு. அத வெட்டிட்டு வித்தா நான் எதக் காட்டிப் பேசறது?" என்று கேட்பாள். காட்டேரிக்குப்பத்திலிருந்துகூட பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் இரண்டு பஸ் மாறி இவளிடம் வருகிறார்கள் என்றால் அந்தத் தலைகளுக்காகத்தான்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை. கடலூர் மூட்டைகளைப் பிரித்த ஜெஸிமா ஒரு மீனைத் தூக்கி, தலைப் பக்கம் விரலை வைத்து எதையோ எண்ணிப் பார்த்தாள். மூன்று அடி நீளம். தலைக்கு முன்னால் ஒரு முழத்துக்கு ரம்பம் மாதிரி மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்த பல்லெல்லாம் சாக்கைக் கிழிக்கும் என்று கடலூரிலேயே கத்தி முதுகால் தட்டிவிட்டிருந்தார்கள், நாலைந்து முனைதான் மிச்சம். மூட்டைகளுக்கு அடியில் கிடந்து தலை தட்டையாக நசுங்கியிருந்தது. அவள் கொக்கியில் மாட்டிவிட்டு, பாய் ஆட்டோவைக் கிளப்ப அவசரப்படுத்தியதால், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பாகூர் சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டியதோடு சரி.

எனக்கு மீன் தெரியாது. ஆனால் ரம்ப மூக்கு மீனுக்கு வேளா என்று பேர், அது இப்போதெல்லாம் கண்ணிலேயே படுவதில்லை என்பது மட்டும் தெரியும். அடடா, நம்ம கடைத்தெருவுக்கு வந்திருக்கிறதே என்று ஒரே பெருமை. போன் எடுத்தேன். மீன் கொஞ்சம் அலங்கோலமாக இருந்தது. மூக்கின் நடுவில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு நூல் தொங்கியது. கருவாட்டில் அறுந்த வலை நூல் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம், அதைக் கிள்ளிப் போடுவது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். நானும் சாக்கு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து இரண்டையும் நறுக்கென்று வெட்டி, என் கடைத் தரையில் போட்டேன். படம் பிடித்தேன். "வில்லியனூரில் அதிசய வேளா மீன்! காணத் தவறாதீர்" என்று எழுதி வியாபாரிகள் குரூப்பில் போட்டேன். ஸ்டேட்டஸிலும் வைத்தேன். புத்தி, புத்தி!

வேளா மீனைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம், ஜெயில் வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் படம் போன இடத்தில் யாருக்கோ தெரிந்திருந்தது.

மூன்று மணிக்கு ஜீப் வந்து நின்றது. அருள்தாஸ் என்று ஒரு வனத்துறை அதிகாரி, கூட இரண்டு பேர். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. மீனைக் கொக்கியிலிருந்து இறக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீல் வைக்கிற நேரத்துக்கு ஜெஸிமா ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"சார், அது வேளா இல்ல" என்றாள். பதற்றமே இல்லை.

"ரம்பம் இருக்கேம்மா?"

"இருக்கட்டும் சார். வேளா திருக்கை ஜாதி, அதுக்குச் செவுள் அடியில இருக்கும். இதுக்குப் பக்கவாட்டுல இருக்கு. அதுவும் ஆறு இருக்கு. வேளாக்கு மீசை கிடையாது. இதுக்கு மூக்கு நடுவுல ரெண்டு மீசை தொங்குது, நீங்களே பாருங்க."

அவர் பையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "எங்கம்மா மீசை?"

ஜெஸிமா குனிந்து பார்த்தாள். அவள் வாயடைத்து நின்றதை வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். "காலையில இருந்துச்சே" என்றாள் மெதுவாக.

அந்த இரண்டு நூல். நான் சொல்லியிருக்க வேண்டும், அப்போதே, அங்கேயே. வாயைத் திறக்கவில்லை. என் கடைக்குள் போய் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அருள்தாஸ் பொறுமையாகத்தான் பேசினார். தலை நசுங்கிக் கிடக்கிறது, செவுள் பக்கத்தில் இருக்கிறதா அடியில் இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆறாவது என்று அவள் காட்டுவது செவுளே இல்லாமல் இருக்கலாம், உப்பு உள்ளே இறங்குவதற்காகக் கருவாட்டில் கத்தியால் கீறிவிடுவார்களே, அந்தக் கீறலாக இருக்கலாம். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வர மாசக்கணக்கில் ஆகும், அதுவரை கடை பூட்டித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து நிரூபித்தால் சரி, இல்லையென்றால் வழக்குப் பதிவாகும்.

"இன்னொரு வழியும் இருக்கும்மா" என்றார். "வேளான்னு தெரியாம வாங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நீங்க விக்கல, மாட்டித்தான் வச்சிருந்தீங்க. எச்சரிக்கையோட முடிச்சுக்க நான் மேல பேசிப் பாக்குறேன்."

கௌஸ் பாஷா அவள் கையைப் பிடித்தார். "எழுதிக் குடுத்துடும்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

"தெரியாமன்னா?" என்றாள் ஜெஸிமா. "தெரியாம வாங்கினேன்னு நானே எழுதிக் குடுத்தா, இத்தினி வருஷமா தெரியாம இன்னா இன்னா வித்தேன்னு ஊரு கேக்காதா? பச்ச உடம்புக்காரிக்கு ஆக்கிப் போட எவ வருவா என் கடைக்கு? எழுத மாட்டேன் சார். வெள்ளிக்கிழமை வர்றேன்."

கடைக்குப் பூட்டுப் போட்டு, பேப்பர் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி வள்ளியம்மை இன்னா, இன்னா என்று துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். கேட்டதும் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "காலையில மொத வேலையா போய்ச் சொல்லு. சொல்லாம இந்த வூட்டுக்குள்ள வராத."

போனேன். ஜெஸிமா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். படம் போட்டதும் நான்தான், நூல் என்று வெட்டியதும் நான்தான்.

கீரை கீழே விழுந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மீசையவா? மீசைய நூலுன்னா நெனச்ச?"

"ஆமாம்மா."

"மூஞ்சி கொள்ளாத மீசைய வச்சுகினு, ஒரு மீசையப் பாத்தா மீசைன்னு தெரியல உனக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள், "வெட்டினத எங்க போட்ட?" என்றாள்.

"என் கடையிலதான். கீழ."

"கூட்டிட்டியா?"

"நேத்தே கூட்டியாச்சு. அடி உப்போட போயிருக்கும்."

"அந்த மூட்ட இருக்குதா?"

இருந்தது. தரையில் சிந்துகிற உப்பையெல்லாம் கூட்டி ஒரு மூட்டையில் போட்டு வைப்பது என் வழக்கம், மாட்டுக்கு வைக்க வாங்கிக்கொண்டு போவார்கள். "அதுல எங்க போயிடும்? உப்புல கிடந்தா கெடவும் கெடாது. சலிச்சுத் தேடு. கெடைக்கலன்னு மட்டும் வந்து நின்ன, உன் மீசைய நானே எடுப்பேன்" என்றாள் ஜெஸிமா. சொல்லிவிட்டுக் கீரையைப் பொறுக்க ஆரம்பித்தாள். திட்டி முடித்த பிறகு அவளிடம் கோபமே மிச்சம் இருக்காது. எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

செவ்வாயும் புதனும் கடையைச் சாத்திவிட்டு, மாவுச் சல்லடையை வைத்துக்கொண்டு நானும் வள்ளியம்மையும் உப்புச் சலித்தோம். கை வெடித்து எரிந்தது. வள்ளியம்மை சலித்த நேரத்தைவிடத் திட்டிய நேரம் அதிகம். சணல் கிடைத்தது, மிளகாய்க் காம்பு கிடைத்தது, என்றோ தொலைந்த அவள் காது திருகாணிகூடக் கிடைத்தது. புதன்கிழமை சாயங்காலம் மூட்டையின் அடியில் பழுப்பாக, விரல் நீளத்துக்கு ஒன்று. நூல் இல்லை. ஒரு முனை கூம்பியும் இன்னொரு முனை கத்தரி வெட்டியதுபோல் சாய்வாகவும் இருந்தது. இன்னொன்று கடைசி வரை கிடைக்கவே இல்லை.

"ஒண்ணுதான் கெடச்சுது" என்று ஜெஸிமாவிடம் காட்டினேன்.

"அப்போ பாதி மீசைய எடு" என்றாள்.

பாதி மீசையோடு மனிதன் எப்படி நடமாடுவது? முழுசாக எடுத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்து மீசை. சலூன்காரர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கத்தியை வைத்தார்.

நான் சலித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில் ஜெஸிமாவும் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரியில் கல்லூரி கல்லூரியாக ஏறி, விலங்கியல் சொல்லித்தருகிற ஒரு பேராசிரியையைக் கண்டுபிடித்துவிட்டாள். யாமினி என்று பேர், முப்பத்தைந்து வயது இருக்கும், சுறாக்களைத்தான் ஆராய்ச்சி செய்கிறார். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "இந்தப் படத்த வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரம்பத்துல பல் முழுசா இருந்திருந்தா ஒரு நிமிஷம் போதும். நேர்ல பாக்கணும்" என்று உள்ளதைச் சொன்னாராம். "அப்படிச் சொன்னாங்க பாரு, அதாலதான் இவங்கதான் நமக்கு வேணும்னு முடிவு பண்ணேன்" என்றாள் ஜெஸிமா.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அருள்தாஸ் அலுவலகத்தில் இருந்தோம். ஜெஸிமா, பாய், யாமினி, மீசை இல்லாத நான். ஜெஸிமா ஒரு அலுமினிய அன்னக்கூடை, ஒரு தெர்மாஸ் சுடுதண்ணீர், ஒரு பழைய துணி, கொஞ்சம் ஈர்க்குச்சி எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அருள்தாஸ்.

"கருவாட்டக் காய்ஞ்ச மேனிக்குப் பாத்தா இன்னா சார் தெரியும்? வூட்டுல குழம்பு வைக்கிறதுக்கு முன்னாடி வெதுவெதுன்னு தண்ணியில ஊறப் போடுவோம். ஊறிச்சுன்னா மீனு தன் உருவத்துக்கு வந்துடும். ஊறப் போட்டுட்டு அப்புறம் பேசுவோம்."

சாட்சிப் பொருளைத் தண்ணீரில் போடுவதா என்று அவர் தயங்கினார். யாமினி, காய்ந்த உடல்களை ஊறவைத்துப் பார்ப்பது தங்கள் வேலையிலும் உண்டு என்று சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். எல்லாவற்றையும் வீடியோ எடுக்க ஏற்பாடு செய்துவிட்டு அருள்தாஸ் சம்மதித்தார்.

இரண்டு மணி நேரம். பாய் வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தார். ஜெஸிமா கூடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுநடுவே விரலைவிட்டுச் சூடு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள். "எல்லாருக்கும் ஒரு டீ சொல்லுங்க சார்" என்று அருள்தாஸிடமே கேட்டுவிட்டாள். அவரும் சொன்னார்.

மீன் மெல்ல மெல்ல உப்பி வந்தது. ஜெஸிமா துணியைச் சுருட்டி வயிற்றுப் பிளவு வழியாகத் தொண்டை வரைக்கும் திணித்தாள். நசுங்கிக் கிடந்த தலை உருண்டு எழுந்தது. செவுள் பிளவுகள் அடியில் இல்லை. நெஞ்சுத் துடுப்புக்கு முன்னால், இரண்டு பக்கமும், வரிசையாகப் பக்கவாட்டில் இருந்தன.

அருள்தாஸ் பேனா முனையால் எண்ணினார். "அஞ்சு இருக்கு. பக்கவாட்டுலதான் இருக்கு, சரி. ஆறாவதா இருக்கிறது கத்திக் கீறல்னுதானே இப்பவும் தோணுது?"

ஜெஸிமா மீனின் முதுகைத் திருப்பி, அங்கே இருந்த ஒரு கீறலைக் காட்டினாள். "இது கத்திக் கீறல். கடலூர்ல போட்டது. இதுல குச்சிய வுடுங்க சார். நீங்களே வுடுங்க."

அவர் ஈர்க்குச்சியை நுழைத்தார். ஒரு விரற்கடை போய்ச் சதையில் முட்டி நின்றது.

"இப்போ இதுல."

அவர் ஆறாவது பிளவில் நுழைத்தார். குச்சி போய்க்கொண்டே இருந்தது. ஜெஸிமா ஒரு கையால் மீனின் வாயைப் பிளந்து பிடித்திருந்தாள். உள்ளேயிருந்து குச்சியின் முனை வெளியே எட்டிப் பார்த்தது.

"கத்தி போட்ட ஓட்டைக்கு வாய்க்கு வழி தெரியுமா சார்?" என்றாள் ஜெஸிமா. "மீனு மூச்சு வுட்ட வழி அது."

அடுத்த பக்கத்தையும் பார்த்தார்கள். அங்கேயும் ஆறு, ஆறிலும் குச்சி வாய்க்கு வந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்து யாமினி லென்ஸை எடுத்தார். ரம்பத்தில் மிச்சமிருந்த ஒரு பல்லின் பின் ஓரத்தில் பொடிப் பொடியாகக் கொக்கிகள் இருப்பதைக் காட்டினார். மூக்கின் நடுவில் ஊறி எழுந்திருந்த இரண்டு சின்னக் குருத்துகளைக் காட்டினார். நான் சட்டைப் பையிலிருந்து உப்புக் காகிதத்தைப் பிரித்து அந்தப் பழுப்பு இழையைக் கொடுத்தேன். அவர் இடுக்கியால் எடுத்து, சாய்வாக வெட்டிய முனையை இடது பக்கக் குருத்தோடு சேர்த்தார். இரண்டும் பொருந்தின.

"இது எப்படி வெட்டுப்பட்டது?" என்றார் அருள்தாஸ்.

"நான்தான் சார் வெட்டினேன்" என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். படம் போட்டவனும் நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. எழுதிக்கொண்டார்.

யாமினி விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வேளா திருக்கை இனம், இது சுறா இனம். ரம்பச் சுறா என்று ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் பெரும்பாலானவற்றுக்குச் செவுள் ஐந்துதான். ஆறு செவுள் உள்ளவை அதற்குள் ஒரு சின்னப் பிரிவு. அவை ஆப்பிரிக்கா பக்கத்துக் கடலில்தான் தெரிந்தவை. பல காலமாக அந்தப் பிரிவில் ஒரே ஒரு மீனுக்குத்தான் பேர் இருந்ததாம். 2020-ல்தான் மடகாஸ்கர், சான்சிபார் பக்கத்தில் கிடைத்தவற்றைப் பார்த்து, இன்னும் இரண்டு தனித்தனி இனம் என்று பிரித்து, ஒரு விஞ்ஞானி தன் குடும்பத்துப் பெண் குழந்தைகளின் பேரை வைத்தாராம்.

"அப்போ இது அந்த மூணுல எது?" என்று கேட்டாள் ஜெஸிமா.

"தெரியலம்மா. ஒண்ணா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாம புதுசாவும் இருக்கலாம். மூக்கு நீளம், மீசை இருக்கிற இடம், எல்லாத்தையும் அளந்து ஒப்பிடணும். ஒரே ஒரு கருவாட்ட வச்சுப் பேர் சொல்லிட முடியாது. இன்னும் மீன் கெடைக்கணும். வருஷக்கணக்கா ஆகும்."

ஜெஸிமா அருள்தாஸ் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களா சார்? படிச்சவங்களுக்கே பேரு தெரியாத மீனு. பேரு தெரியாததுனாலதான் நான் விக்காம மாட்டி வச்சேன்."

அருள்தாஸ் முதல்முறையாகச் சிரித்தார். வேளா அல்ல, வழக்கு இல்லை, கடையைத் திறக்கலாம் என்று ஒரு தாளில் எழுதினார். ஜெஸிமா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "ஒரு வரி வுட்டுப் போச்சு. இது வேளா இல்லன்னு கடைக்காரி மொத நாளே சொன்னான்னு போடுங்க." பாய், "விடும்மா" என்று முழங்கையால் இடித்தார். அருள்தாஸ் பேனாவை எடுத்து அந்த வரியையும் எழுதினார்.

மறுநாள் கடை திறந்தது. எட்டு மணிக்கெல்லாம் காட்டேரிக்குப்பத்துக்காரர் ஒருவர், மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் என்று சொல்லிப் பால் சுறா கேட்டு நின்றார். ஜெஸிமா தலையோடு ஒன்றை எடுத்து, செவுளை விரலால் பிரித்து எண்ணிக் காட்டிவிட்டுக் கொடுத்தாள்.

மீன் யாமினியின் கல்லூரிக் காட்சியறைக்குப் போனது. நாலு மாசம் கழித்து அந்த அம்மா, மீனோடு வைத்திருக்கும் சீட்டுகளின் நகலைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார். சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று ஜெஸிமாவைக் கேட்டுத்தான் எழுதினாராம். பெரிய சீட்டில், "ஆறு செவுள் ரம்பச் சுறா. இனப் பெயர்: முடிவாகவில்லை. அடையாளம் கண்டவர்: ஜெஸிமா, கருவாட்டு வியாபாரி, வில்லியனூர்" என்று இருந்தது. தன் பேரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. ஏன் படவேண்டும்?

சின்னச் சீட்டு, கண்ணாடிக் குப்பியில் தனியாக வைத்திருக்கும் மீசைக்கு. "மீசை இழை, ஒன்று. வெட்டியவர்: ஏகநாதன், உப்பு வியாபாரி, வில்லியனூர். கண்டெடுத்தவர்: மேற்படியார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாம்மா இது? கண்டெடுத்தவர்னு மட்டும் போட்டா கொறஞ்சா போயிடுவ? வெட்டினவன்னும் போடணுமா? நூறு வருஷம் கழிச்சு வர்றவன்லாம் படிச்சுட்டுச் சிரிக்க மாட்டானா?"

"ரெண்டும் நீதானேண்ணே?" என்றாள். "அத்தினி பேருக்கு நடுவுல, ஒரு அதிகாரிக்கு முன்னாடி நான்தான் வெட்டினேன்னு சொன்ன பாரு, அத எவன் சொல்வான்? அதுக்குத்தான் உன் பேரையே போடச் சொன்னேன். பாதிய மட்டும் எழுதினா அது வேற ஆளுண்ணே."

நகலைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன், 'வெட்டியவர்' என்ற இடம் மறைகிற மாதிரி நாள்காட்டியை மாட்டினேன். ஜெஸிமா தினமும் காலையில் உப்பு வாங்க வருகிற சாக்கில் நாள்காட்டியை ஒரு சாண் தள்ளி மாட்டிவிட்டுப் போவாள். அவள் போனதும் நான் திரும்ப இழுத்து மாட்டுவேன். இரண்டு மாசம் இப்படியே நடந்தது.

மீசை இப்போது பழையபடி வளர்ந்துவிட்டது. நாள்காட்டியை எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் சீட்டைப் படித்துவிட்டு, வெட்டியது இன்னா கதை என்று கேட்கிறார்கள். உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்கிறேன்.